குழந்தைகளும் தீபாவளிக் கணக்கும்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே நமது வீடுகளில் மந்திராலோசனை ஆரம்பமாகிவிடுகிறது. முன்னாளில் அந்தச் சபைக்குத் தகப்பனார் ஒருவரே அங்கத்தினர், அவரே தலைவர். ஒரே துணியை மொத்தமாக வாங்கி வந்து, பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சட்டை தைத்துவிடுவார். வளரும் பிள்ளை என்று தையற்காரர் இரண்டு அங்குலம் கூட்டியே தைப்பார். அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

இன்றோ பத்து வயதுச் சிறுமி கைபேசியை எடுத்து, இன்ன கடையில் இன்ன உடை இன்ன விலை என்று பெற்றோருக்கு எடுத்துரைக்கிறாள். தியாகராய நகர்க் கடைவீதியில் சின்னஞ்சிறு கைகளே பெரியவர்களை இழுத்துச் செல்கின்றன. காலம் கெட்டுவிட்டதென்று புலம்புவோர் கட்சியில் நாம் சேரவில்லை. உடுத்துகிறவனுக்கு உடையைப் பற்றி அபிப்பிராயம் கூற உரிமையில்லை என்பது என்ன நியாயம்?

ஆயினும் இவ்வுரிமையில் ஒரு பெருங்குறை உண்டு. 1919-ம் வருஷத்துச் சட்டம் மாகாணங்களில் இரட்டையாட்சியை ஏற்படுத்தியது. கல்வியும் சுகாதாரமும் மந்திரிகளிடம் ஒப்புவிக்கப்பட்டன. பொக்கிஷமோ கவர்னரின் நிர்வாக சபையிடமே இருந்தது. 1935-ம் வருஷத்துச் சட்டத்தால் மாகாணங்களில் அவ்வேற்பாட்டை நீக்க நேர்ந்தது. நம் வீடுகளில் இன்று நடப்பதும் அத்தகைய இரட்டையாட்சியே. "உனக்கு என்ன வேண்டும்?" என்று குழந்தையைக் கேட்கிறோம், நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் மறைக்கிறோம். போனஸ் எவ்வளவு, சீட்டுப் பணம் எவ்வளவு, பழைய கடன் எவ்வளவு என்று அறியாத குழந்தை பிடிவாதம் பிடிக்கிறது. தகப்பன் புதுக் கடன் வாங்குகிறான்.

இந்த இருட்டில்தான் விளம்பரக்காரர்கள் நுழைகின்றனர். சுவீடனில் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளை நோக்கித் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்வது 1991 முதல் தடுக்கப்பட்டிருக்கிறது. நம் நாட்டிலும், பொருளை வாங்கும்படியோ, வாங்கித் தரச்சொல்லிப் பெற்றோரை வற்புறுத்தும்படியோ குழந்தைகளை நேரே தூண்டலாகாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022-ம் வருஷத்து நெறிமுறைகள் கூறுகின்றன. நல்ல விதிகளே. ஆனால் சட்டம் வாசலில் காவல் நிற்கலாம். வீட்டுக்குள் வந்து கணக்குச் சொல்லித் தராது.

ஆகையால் பெற்றோர்களுக்கு நாம் கூறும் யோசனை எளியது. பண்டிகைக்கு முன் ஒரு மாலையில் குழந்தைகளை உட்காரவைத்து வரவையும் செலவையும் அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். துணிக்கு இவ்வளவு, பலகாரத்துக்கு இவ்வளவு, வீட்டு வேலை செய்யும் அம்மாளின் புடைவைக்கு இவ்வளவு என்று அவர்களே பங்கிடட்டும். 2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தபின், தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்கக் காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமுமே அனுமதி. அந்த 2 மணி நேரத்துக்கு எத்தனை பெட்டி போதும் என்பதையும் அவர்களே கணக்கிடட்டும். தாமே போட்ட கணக்கை மீறக் குழந்தைகள் எளிதில் துணியமாட்டார்கள்.

மேடைதோறும் சர்க்காரிடம் கணக்குக் கேட்கும் நாம், சொந்த வீட்டில் கணக்குக் காட்டக் கூசலாமா?