ஆயிரம் ரூபாயும் அரைநாள் கூலியும்

சென்ற மாதம் ஞாயிற்றுப் பூசை முடிந்து மயிலைக் கோவிலொன்றின் முற்றத்தில் நின்றிருந்தோம். அன்பர் ஒருவர் சலித்துக்கொண்டார்: "மாதம் ஆயிரம் ரூபாய் கைக்கு வந்தபின் வீட்டு வேலைக்கு ஆளே கிடைப்பதில்லை. இலவசம் இவர்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டது." தலையசைத்தவர் பலர். நாமும் அன்று மறுத்துரைக்கவில்லை. அந்த உறுத்தலே இதனை எழுதத் தூண்டிற்று.

அவர் குறிப்பிட்டது, 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பெற்ற மகளிர் உரிமைத் தொகையை. தொடக்கத்திலேயே ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பத் தலைவியர் அதனைப் பெற்றனர். ஊதியமின்றி இல்லத்தில் உழைப்பவளுக்குரியது என்பதால் 'உதவி' என்னாது 'உரிமை' எனப் பெயரிட்டனர். நாளொன்றுக்குக் கணக்கிட்டால் 33 ரூபாய். இதைக் கொண்டு தியாகராய நகரில் சோம்பியிருக்க எவரால் இயலும்?

பின் ஏன் வேலைக்கு ஆளில்லை? ஆள் இருந்த இடத்தை நாம் மறந்துவிட்டோம். 2000-ஆம் ஆண்டளவில் தொடங்கி, நகரின் குடிசைவாழ் மக்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பப்பட்டனர். 2015 பெருவெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கம் சென்றன. கல்வீடு கிடைத்தது மெய்தான். ஆனால் அத்தாய்மார் பாத்திரம் துலக்கிய வீடுகள் மயிலையிலும் அடையாற்றிலுமே நின்றுவிட்டன. பெரும்பாக்கத்துக்கும் மயிலைக்கும் இடையே ஏறத்தாழ 20 கிலோமீட்டர். காலை ஆறு மணி வேலைக்கு வருபவள் நான்கு மணிக்கே எழவேண்டும். மூன்று வீடுகளில் உழைத்தவளுக்கு ஒன்றுதான் கைகூடும். 2021 மே மாதம் வந்த கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் காசை மிச்சப்படுத்தியது, நேரத்தை மிச்சப்படுத்தவில்லை. பள்ளிவிட்டு வரும் மகள் பூட்டிய கதவின்முன் காத்திருக்கிறாள். அவளது படிப்பு தடைப்பட்டால் அடுத்த தலைமுறையின் வறுமைக்கும் அங்கேயே வித்திட்டாயிற்று.

இது நமக்கு மட்டும் உரிய கதையன்று. அமெரிக்காவில் 1935-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வயல்வேலையும் வீட்டுவேலையும் செய்வோரை முதியோர் காப்பீட்டினின்று விலக்கிவைத்தது. கறுப்பின மக்களுள் பெரும்பகுதியினர் அன்று செய்தவை அவ்விரு வேலைகளே. பின்னாளில் அவ்வினத் தாய்மார் உதவித்தொகையை நாடியபோது சோம்பேறிகள் எனும் பழி அவர்கள்மேல் வந்தது. 1996-இல் இயற்றிய சட்டம், மத்திய அரசின் உதவிக்கு வாழ்நாளில் ஐந்தாண்டு என எல்லை வகுத்தது. முதலில் உரிமையை மறுத்துவிட்டுப் பின்பு கையேந்துவதைக் குற்றமாக்குவதற்கு என்ன பெயரிடுவது?

இங்கே அருட்சகோதரி ஜீன் தேவோஸ் 1985-இல் வீட்டுவேலைத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கினார். தமிழகத்தில் அவர்களுக்கென நலவாரியம் 2007-இல் அமைந்தது. இவையெல்லாம் ஏட்டளவில் நமக்குத் தெரியும். நியாயமான கூலி பற்றித் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் எழுதிய சுற்றுமடலையும் மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். ஆயினும் காய்ச்சலில் படுத்தவளிடம் இரண்டு நாள் கூலியையும், பேருந்து தவறித் தாமதமாய் வந்தவளிடம் அரைநாள் கூலியையும் பிடித்துக்கொள்கிறோம். கிறிஸ்துமசுக்கு ஒரு சேலை தந்துவிட்டால் கணக்கு நேராகிவிடுகிறது!

பங்கின் வின்சென்ட் தே பவுல் சபைச் செயலரிடம் அண்மையில் ஒன்று கேட்டோம். மாதந்தோறும் சபையிடம் அரிசி பெறும் தாய்மாருள், நம் பங்கு இல்லங்களிலேயே வேலை செய்வோர் எத்தனைபேர்? அவர் பட்டியலை எடுத்து விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.