டிக்கெட்டுக்குள் ஒரு பட்டியல்

ரயில் முன்பதிவுப் படிவத்தில் ஆறு பேருக்குத்தான் இடம். ஏழாவது ஆளுக்கு இன்னொரு படிவம். இந்த விதியை கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டுமென்றால்?

ஜாவா தெரிந்தவர் 'டிக்கெட்' என்று ஒரு கிளாஸ் எழுதுவார். (கிளாஸ் என்றதும் ஸ்லீப்பர், ஏ.சி. என்று எண்ண வேண்டாம். ஒரு பொருளில் என்னென்ன இருக்கும், அது என்னென்ன செய்யும் என்று சொல்லும் வார்ப்பு.) டிக்கெட்டுக்குள் ஒரு பட்டியல். அதில் பயணிகள், ஒவ்வொருவரும் பெயர், வயது கொண்ட தனித்தனி ஆப்ஜெக்ட். 'பயணியைச் சேர்' என்ற மெத்தட், ஆறு பேர் ஆகிவிட்டதா என்று பார்க்கும்; ஆகவில்லையென்றால் ஆளைச் சேர்த்து, கட்டணத்தையும் கூட்டி வைக்கும்.

கோளாறு அதற்குப் பிறகு வருகிறது. பயணிகளின் பெயர்களை அச்சடிக்க வேறொரு புரோகிராமர் பட்டியலைக் கேட்கிறார். 'பட்டியலைக் கொடு' என்று ஒரே வரியில் இன்னொரு மெத்தட் எழுதிவிடுகிறோம். ஜாவா அப்போது நகல் எடுத்துத் தருவதில்லை. அசல் பட்டியலையே கைகாட்டிவிடுகிறது. வாங்கியவர் அதில் நேராக ஏழாவது ஆளைச் சேர்த்தால் டிக்கெட்டுக்குத் தெரியவே தெரியாது. பயணிகள் ஏழு, கட்டணம் ஆறு பேருக்கு. கம்பைலர் முணுமுணுக்கக்கூட இல்லை. பட்டியலுக்கு 'பிரைவேட்' என்று பூட்டுப் போட்டிருந்தோமே? போட்டோம், சாவியையும் கொடுத்துவிட்டோம்.

1998ல் வந்த ஜாவா 1.2 இதற்கு ஒரு வழி வைத்தது. பட்டியலுக்கு 'அன்மாடிஃபையபிள் லிஸ்ட்' என்ற உறை போட்டுக் கொடுக்கலாம். வாங்கியவர் படிக்கலாம், சேர்க்கவோ நீக்கவோ முயன்றால் புரோகிராம் பிழை காட்டி மறுக்கும். 2018ல் ஜாவா 10, மாற்ற முடியாத நகல் எடுக்க 'காப்பிஆஃப்' தந்தது. ஆனால் இரண்டிலும் ஓர் ஓட்டை. உள்ளே இருக்கும் பயணிகள் அதே அசல் ஆப்ஜெக்ட்டுகள்தான். வயதைத் திருத்த மெத்தட் இருந்தால், பட்டியலைத் தொடாமலே அரை டிக்கெட் பையனை நாற்பது வயதுக்காரராக்கலாம். கட்டணம் அரையாகவே நிற்கும். ஒருமுறை எழுதிய வயதை மாற்ற முடியாதபடி பயணி கிளாஸை எழுதுவதே பத்திரம்.

டிக்கெட்டுக்குள் பட்டியலை வைக்காமல், டிக்கெட்டையே பட்டியலின் வாரிசாக எழுதுவோரும் உண்டு. சோம்பேறித்தனம். ஜாவாவை உருவாக்கியவர்களே இதைச் செய்தார்கள். 1996ல் வந்த முதல் பதிப்பிலேயே 'ஸ்டாக்' கிளாஸ் 'வெக்டர்' கிளாஸின் வாரிசு. ஸ்டாக் என்பது அடுக்கிய தட்டுகள் மாதிரி. மேலிருந்துதான் எடுக்க வேண்டும். வெக்டரின் மெத்தட்டுகளும் வாரிசுச் சொத்தாக வந்து சேர்ந்ததால், நடுவில் செருகலாம், அடியிலிருந்து உருவலாம். மாற்றினால் பழைய புரோகிராம்கள் ஓடாது என்பதால் அது இன்னமும் அப்படியே இருக்கிறது. 'டெக்' என்ற வேறொன்றைப் பயன்படுத்தும்படி ஜாவாவின் கையேடே சொல்கிறது.