ஹெட்செட்டுக்குள் வீட்டுச் சத்தமும் வரட்டுமே!

இரவு பத்தரை மணி. மேட்ச் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. பக்கத்து அறையில் இருந்து அப்பா தண்ணீர் கேட்டு இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். பதில் இல்லை. அவரே எழுந்து, இருட்டில் சுவரைப் பிடித்தபடி சமையலறைக்கு நடக்கிறார். ஹெட்செட்டைக் கழற்றும்போதுதான் உங்களுக்கு விஷயமே தெரிகிறது. ‘கூப்பிட்டா காதுலயே விழாதே உனக்கு’ என்ற திட்டு பல வீடுகளுக்குப் பழக்கமானதுதான்.

வெளிச்சத்தம் உள்ளே வராது என்பதைத்தான் கேமிங் ஹெட்செட் விளம்பரங்கள் பெருமையாகச் சொல்கின்றன. தனியாக இருப்பவருக்கு அது சரி. நாலு பேர் இருக்கும் வீட்டில், வெளிச்சத்தம் கேட்பதும் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு வசதி என்பேன்.

ஓப்பன்-பேக் என்றால் என்ன?

வழக்கமான ஹெட்செட்டில் காதை மூடும் கப்பின் வெளிப்பக்கம் அடைத்திருக்கும். ஓப்பன்-பேக் வகையில் அங்கே வலை போன்ற திறப்பு இருக்கும். காற்றும் சத்தமும் இரு பக்கமும் போய்வரும். காலிங் பெல், குக்கர் விசில், கூப்பிடும் குரல் எல்லாம் கேட்கும். கேமின் ஒலியும் தலைக்குள் அடைபடாமல் சுற்றிலும் விரிந்து கேட்கும். காதும் அதிகம் வியர்க்காது. நம் குரல் நமக்கே கேட்பதால், டீமுடன் பேசும்போது கத்த மாட்டோம்.

குறைகளும் உண்டு. பாஸ் குறைவு, குண்டு வெடித்தால் பெரிதாக அதிராது. உங்கள் கேம் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். எனவே பஸ்ஸுக்கும் ஆபீஸுக்கும் இது ஒத்துவராது.

மைக்குடன் வரும் ஓப்பன்-பேக் ஹெட்செட்டுகள் குறைவு. இபோஸ் பிசி38எக்ஸ் அப்படி ஒன்று. சென்ஹைசர் ஹெச்டி 600 போன்றவை இசைக்கான ஹெட்போன்கள்; மைக் தனியாக வாங்க வேண்டும். அதன் மின்தடை 300 ஓம் என்பதால் ஃபோனில் நேரடியாகச் செருகினால் சத்தம் போதாமல் போகலாம். ஃபோனில் விளையாடுபவர்கள் 32 ஓம் அளவில் உள்ளதைப் பார்க்கலாம்.

டிரான்ஸ்பரன்ஸி மோடு போதாதா?

மூடிய ஹெட்செட் சிலவற்றில், வெளிச்சத்தத்தை மைக் மூலம் பிடித்து உள்ளே தரும் வசதி இருக்கிறது. நல்ல வசதிதான். ஆனால், அப்பா கூப்பிடுவதற்கு முன்பே அதை ஆன் செய்திருக்க வேண்டும். மேட்ச் சூட்டில் யாருக்கு ஞாபகம் வரும்? சார்ஜ் தீர்ந்தால் அதுவும் இல்லை. ‘சைடுடோன்’ என்று போட்டிருந்தால் ஏமாறாதீர்கள். அது உங்கள் குரலை உங்களுக்கே கேட்கவைக்கும் வசதி.

காதை அடைக்காத ப்ளூடூத் கருவிகளும் கிடைக்கின்றன. ப்ளூடூத்தில் ஒலி தாமதமாக வரும் என்பதால், சுட்ட பிறகே சத்தம் கேட்கலாம். வயர் அல்லது 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் உள்ளதே கேமுக்கு நல்லது.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

வலை மாதிரி டிசைன் போட்டு உள்ளே மூடியிருக்கும் மாடல்களும் உண்டு. பாட்டு ஓடும்போது இரண்டு கப்பையும் உள்ளங்கையால் வெளியே மூடிப் பாருங்கள். ஒலி தெளிவாக மாறினால் அது ஓப்பன்-பேக். பிறகு, நீங்கள் விளையாடும் அளவு வால்யூம் வைத்து, கூட வந்தவரைப் பத்தடி தள்ளி நின்று சாதாரணக் குரலில் உங்கள் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். திரும்பிப் பார்த்தீர்களா? அப்படியென்றால் வாங்கலாம்.

ஒரு நியாயமான ஆட்சேபம்: ஃபேன் சத்தமும், தெருச் சத்தமும் கேட்டால் வால்யூமைக் கூட்டத்தானே தோன்றும்? உண்மை. வாரம் 40 மணி நேரம் வரை 80 டெசிபல் பாதுகாப்பானது, 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மெயின் ரோட்டை ஒட்டிய அறை என்றால் மூடிய ஹெட்செட்டே காதுக்கு நல்லது. அதில் டிரான்ஸ்பரன்ஸி மோடு இருக்கட்டும்.

மற்றவர்களுக்கு என் சிபாரிசு ஓப்பன்-பேக்தான். எதிரியின் காலடிச் சத்தம் ஒருமுறை தவறினால் ஒரு ரவுண்டு போகும், அடுத்த ரவுண்டு வந்துவிடும். இருட்டில் தடுமாறும் அப்பாவின் காலடிச் சத்தமும் கேட்கிற காது நமக்கு வேண்டும்.