எட்டு லட்சத்துக்கு மேலே ஒரு ரூபாய்

பிள்ளைகளின் உயர்கல்விக்கு அரசு என்ன செய்கிறது என்று நடுத்தரக் குடும்பத்தினர் கேட்டால், தலைநகரிலிருந்து இன்று கிடைக்கும் பதில் ஒரே சொல்தான்: கடன்.

2024 நவம்பர் 6ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம் அந்தப் பதிலின் அண்மைக்கால வடிவம். தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் இடம் பெறும் மாணவருக்கு, சொத்து ஈடோ ஜாமீனோ கேட்காமல் வங்கி கடன் வழங்கும். ரூ. 7.5 லட்சம் வரையிலான கடனில் நிலுவையாகும் தொகையில் 75 சதவீதத்துக்கு மத்திய அரசு உத்தரவாதம் தரும். குடும்ப ஆண்டு வருமானம் ரூ. 8 லட்சத்துக்கு உள்பட்டிருந்தால், ரூ. 10 லட்சம் வரையிலான கடனுக்கு, திருப்பிச் செலுத்தத் தொடங்கும் காலம் வரை 3 சதவீத வட்டியை அரசே ஏற்கும்.

நல்ல திட்டம்தான். வங்கி மேலாளர் அறையின் வாசலில் நிலப் பத்திரத்தோடு காத்துக்கிடந்த பெற்றோர்களைக் கேட்டால் தெரியும், ஈடு வேண்டாம் என்ற ஒரு வரி எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது. குறை திட்டத்தின் நோக்கத்தில் இல்லை. நடுத்தரக் குடும்பம் என்று அரசு யாரைக் கருதுகிறது என்பதில்தான் இருக்கிறது.

மத்திய தலைமைச் செயலகத்தில் பணியாற்றும் உதவிப் பிரிவு அலுவலரை எடுத்துக்கொள்வோம். ஏழாவது ஊதியக் குழுவின்படி அப்பதவியின் தொடக்கநிலை அடிப்படை ஊதியம் ரூ. 44,900. அகவிலைப்படி 2024 ஜனவரி முதல் 50 சதவீதத்தை எட்டியது. இவ்விரண்டை மட்டும் கூட்டினாலே ஆண்டுக்கு ரூ. 8 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. வீட்டு வாடகைப்படியோ, கணவன் அல்லது மனைவியின் வருமானமோ இக்கணக்கில் சேரவில்லை. பணியில் சேர்ந்த முதல் நாளிலேயே வரம்பைக் கடந்துவிடும் இந்த ஊழியர், கல்லூரி செல்லும் வயதில் பிள்ளை இருக்கும்போது எங்கே நிற்பார் என்று சொல்லத் தேவையில்லை. அவரைச் செல்வந்தர் என்று தில்லியில் யாரும் சொல்லமாட்டார்கள். அரசின் அளவுகோல் மட்டும் அவருக்கு உதவி தேவையில்லை என்கிறது.

இதே ஊழியருக்குக் குழந்தைகள் கல்விப்படி என்ற ஒன்று உண்டு. இரு குழந்தைகளுக்கு, மழலையர் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை கிடைக்கும். அத்தோடு நின்றுவிடும். கட்டணம் ஆயிரங்களிலிருந்து லட்சங்களுக்குத் தாவுகிற ஆண்டில்தான் அந்த உதவியும் நிற்கிறது என்பது விந்தைதான்.

வரம்பைக் கடப்பதால் என்ன இழப்பு? ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சம் வீதம் ரூ. 10 லட்சம் கடன். வட்டி 10 சதவீதம். படிப்புக் காலத்தோடு மேலும் ஓராண்டுக்குத் தவணை இல்லை என்று வைத்துக்கொள்வோம். தனிவட்டியாகக் கணக்கிட்டாலும், முதல் தவணை கட்டும் நாளில் வட்டி மட்டும் ரூ. 3.5 லட்சம் சேர்ந்திருக்கும். கடன் 13.5 லட்சமாகிவிடும். அதைப் பதினைந்து ஆண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 14,500, மொத்தமாகச் செலுத்துவது ரூ. 26 லட்சத்துக்கு மேல்.

குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால், 3 சதவீதச் சலுகையால் அந்த மூன்றரை லட்சத்தில் ரூ. 1,05,000 குறையும். எட்டு லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய் கூடினாலும் அது முழுவதும் போய்விடும். சரிந்து இறங்கும் பாதையாக இருக்கவேண்டிய சலுகை, செங்குத்தான பள்ளமாக அமைந்திருக்கிறது.

இந்தப் பள்ளம் வித்யாலட்சுமியில் மட்டும் இல்லை. ஐ.ஐ.டி.க்களின் இளநிலைப் பொறியியல் கல்விக் கட்டணம் 2016இல் ஆண்டுக்கு ரூ. 90,000இலிருந்து ரூ. 2 லட்சமாக உயர்த்தப்பட்டது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும், ரூ. 1 லட்சத்துக்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பத்தினருக்கும் முழு விலக்கு. 1 லட்சம் முதல் 5 லட்சம் வரை மூன்றில் இரு பங்கு விலக்கு. நியாயமான ஏற்பாடு என்றே தோன்றும். ஐந்து லட்சம் வருமானமுள்ள பொதுப்பிரிவுக் குடும்பம் ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ. 67,000 கட்டுகிறது. அண்டை வீட்டுக்காரரின் வருமானம் ரூ. 5,10,000 என்றால் அவர் கட்டவேண்டியது ரூ. 2 லட்சம். பத்தாயிரம் ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்ததற்கு ரூ. 1,33,000 தண்டம்!

வரம்புகள் வகுக்கப்பட்ட ஆண்டுகளையும் பார்க்கவேண்டும். தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்கான கடனில் படிப்புக் கால வட்டி முழுவதையும் அரசே ஏற்கும் திட்டம் 2009-10இல் வந்தது. அன்று அதற்கு வகுத்த வருமான வரம்பு ரூ. 4.5 லட்சம். 2024இல் வித்யாலட்சுமி அறிவிக்கப்பட்டபோதும் அதே 4.5 லட்சம்தான். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் அரசு தன் ஊழியர்களுக்கு அகவிலைப்படியை ஆண்டுக்கு இருமுறை மறுபரிசீலனை செய்து வந்திருக்கிறது. விலைவாசி ஏறுகிறது என்பது அரசுக்குத் தெரியாததல்ல. கல்வி உதவி வரம்புகளைத் தொடுவதற்கு மட்டும் அந்த அறிவு பயன்படவில்லை.

இந்த நிலை ஒரே நாளில் வந்ததும் அல்ல. 1992-93இல் பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த நீதிபதி புன்னய்யா குழு, மத்திய பல்கலைக்கழகங்கள் தம் நடைமுறைச் செலவில் ஐந்தாண்டுகளில் 15 சதவீதத்தையும் பத்தாண்டுகளில் 25 சதவீதத்தையும் சொந்தமாகத் திரட்டவேண்டும் என்று பரிந்துரைத்தது. தாராளமயமாக்கலின் தொடக்க ஆண்டுகள் அவை. 2001இல் வங்கிகளுக்கான மாதிரிக் கல்விக்கடன் திட்டம் வந்தது, ரூ. 4 லட்சம் வரை ஈடில்லாக் கடன் என்பது அதன் சிறப்பம்சம். அன்றைய கட்டணத்துக்கு அது பெரிய தொகை. வங்கிக் கிளைகள் நகரம்தோறும் கல்விக்கடன் முகாம்கள் நடத்திய காலமும் உண்டு. அந்த அலையில் தமிழகமும் கேரளமும்தான் முன்னின்றன. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் எத்தனையோ பேரை அக்கடன்கள் உருவாக்கின என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் படித்தவர்களுக்கு வேலை கிடைக்காதபோது கடன் வாராக்கடனாயிற்று. கட்டவேண்டிய பட்டதாரியின் வீட்டுக்கு வசூல் முகவர்கள் வந்தார்கள். கல்விக்கடன் நிலுவைகளைத் தனியார் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்திடம் பொதுத்துறை வங்கி விற்றதும், அதையொட்டித் தமிழகத்தில் எழுந்த கொந்தளிப்பும் பலருக்கு நினைவிருக்கும்.

மாணவர் மட்டுமல்ல, கல்வி நிறுவனமும் இப்போது கடனாளிதான். 2017இல் மத்திய அரசும் கனரா வங்கியும் சேர்ந்து உயர்கல்வி நிதி முகமையைத் தொடங்கின. கட்டடம், ஆய்வகம் போன்றவற்றுக்கு முன்பு மானியமாக வந்த பணம் இனி கடனாக வரும். வட்டியை அரசு பார்த்துக்கொள்ளும். அசலை நிறுவனம் தன் சொந்த வருவாயிலிருந்து அடைக்கவேண்டும். பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட தொழில்நுட்ப நிறுவனங்களாயின் முழு அசலையும். ஒரு பொதுக் கல்வி நிறுவனத்துக்குச் சொந்த வருவாய் என்பது பெரும்பாலும் என்ன? மாணவர் கட்டும் கட்டணம்தான். ஆக, நிறுவனம் வாங்கிய கடனை அடைக்க மாணவர் கடன் வாங்கவேண்டிய நிலை.

ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 2019இல் நடந்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கலாம். விடுதியில் தனியறை வாடகை மாதம் 20 ரூபாயிலிருந்து 600 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இருபது ரூபாய் வாடகை இந்தக் காலத்தில் நியாயமா என்று தொலைக்காட்சி விவாதங்களில் கேலி பேசினார்கள். போராட்டத்துக்குப் பின் நிர்வாகம் இறங்கிவந்து, வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சலுகை என்றது. அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே இருக்கும் சிறு விவசாயி, சிறு கடைக்காரர், தனியார் பள்ளி ஆசிரியர் ஆகியோரின் பிள்ளைகளைப் பற்றி எவரும் பேசவில்லை.

மீண்டும் வித்யாலட்சுமிக்கு வருவோம். முதற்கட்டத்தில் 860 நிறுவனங்கள்; அவற்றில் பயிலும் மாணவர்கள் 22 லட்சத்துக்கும் மேல் என்றது அரசு. நாட்டில் உயர்கல்வி பயில்வோர் 2021-22 கணக்கெடுப்பின்படி 4.33 கோடி. இருபதில் ஒருவர். வட்டிச் சலுகையோ ஆண்டுக்கு ஒரு லட்சம் புதிய மாணவர்களுக்கு மட்டும். 2030-31 வரை ஏழு ஆண்டுகளுக்கு ரூ. 3,600 கோடி ஒதுக்கீடு. தரமான நிறுவனத்தில் சேர்பவருக்கே கடன் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. எங்கு படித்தாலும் கடன் என்று முன்பு அள்ளி வழங்கியதன் விளைவை வங்கிகள் பார்த்துவிட்டன. ஆயினும் மாவட்டத் தலைநகரிலுள்ள சாதாரணக் கல்லூரியில்தான் பெரும்பாலான நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

நடுத்தர வர்க்கத்துக்கு வருமான வரியில் சலுகை தந்துவிட்டோமே என்று ஆளுங்கட்சியினர் சொல்லலாம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் ரூ. 12 லட்சம் வரை வரியில்லை என்று அறிவிக்கப்பட்டது உண்மை. அந்த வருமானமுள்ளவருக்கு மிச்சமாகும் தொகை ஆண்டுக்கு ரூ. 80,000 என்று அரசே கூறியது. ஐ.ஐ.டி.யில் ஒரு பருவத்துக்கான கட்டணத்துக்கே அது போதாது. அதோடு, இச்சலுகை கிடைக்கும் புதிய வரி முறையில், பிள்ளைகளின் கல்விக் கட்டணத்துக்கும் கல்விக்கடன் வட்டிக்கும் பழைய முறையில் இருந்த கழிவுகள் கிடையாது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் முழுவதும் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்வது மிகையாகும். ஆனால் கல்விக்கென்று செலவிடுபவருக்கும் செலவிடாதவருக்கும் வேறுபாடு இல்லாமல் போயிற்று என்பதில் ஐயமில்லை.

நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பள்ளிப் படிப்பையே முடிக்க இயலாத ஏழையும் மறைமுக வரி கட்டும் நாட்டில், நடுத்தர வர்க்கத்துப் பிள்ளையின் பட்டத்துக்கு அரசு ஏன் செலவிடவேண்டும்? இடதுசாரிகளும் கேட்கிறார்கள், சந்தைப் பொருளாதார ஆதரவாளர்களும் கேட்கிறார்கள். இதற்கு விடை, எல்லாருக்கும் இலவசம் என்பதல்ல. கட்டக்கூடியவர் கட்டட்டும். கட்டணம் வருமானத்தோடு படிப்படியாக ஏறட்டும். ஆனால், ஏழைக்கு ஒதுக்கிய பணத்தை நடுத்தர வர்க்கம் கேட்பதுபோல் இந்த வாதம் சித்திரிக்கப்படுவது தவறு. மொத்த உற்பத்தியில் 6 சதவீதம் கல்விக்கு என்று 1966இல் கோத்தாரி குழு சொன்னது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கையும் அதையே திரும்பச் சொல்கிறது. அறுபது ஆண்டுகளாக எட்டப்படாத அந்த இலக்குதான் இரு தரப்பையும் ஒரே சிறு தட்டுக்குப் போட்டியிட வைத்திருக்கிறது.

செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. நான்கரை, ஐந்து, எட்டு லட்சம் என்று திட்டத்துக்கொரு வரம்பு வைப்பதை விட்டு, வருமானம் உயர உயரச் சலுகை சிறிது சிறிதாகக் குறையும் ஒரே அளவுகோலை வகுக்கலாம். அகவிலைப்படி உயரும்போது அதுவும் தானாக உயரும்படி செய்யலாம். ஒரே நேரத்தில் இரு பிள்ளைகள் கல்லூரியில் படிக்கும் குடும்பத்தையும் ஒரு பிள்ளை படிக்கும் குடும்பத்தையும் ஒரே தட்டில் நிறுத்தாமலிருக்கலாம்.

கடனைத் திருப்பிச் செலுத்தும் முறையிலும் மாற்றம் தேவை. ஆஸ்திரேலியா 1989 முதல் வேறொரு வழியைப் பின்பற்றுகிறது. பட்டதாரியின் வருமானம் குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பிறகே, அதுவும் வருமான வரியோடு சேர்த்து, கல்விக் கட்டணம் பிடித்தம் செய்யப்படும். வேலை இல்லாதவருக்குத் தவணை இல்லை. தந்தையின் வீட்டுக்கு வசூல்காரர் வருவதும் இல்லை. அங்கும் கடன் சுமை பெருகி, 2025இல் மாணவர் கடன்களில் 20 சதவீதத்தைத் தள்ளுபடி செய்யச் சட்டமியற்ற வேண்டியதாயிற்று. எனவே அது குறையற்ற முறை என்று யாரும் வாதிடமுடியாது. ஆனால் நிரந்தரக் கணக்கு எண், ஊதியத்திலேயே வரிப் பிடித்தம் ஆகியவை இங்கும் நிலைபெற்றுவிட்ட நிலையில், குறைந்தபட்சம் மத்திய கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்கு இதைச் சோதித்துப் பார்க்கத் தடையென்ன?

எட்டாவது ஊதியக் குழுவுக்கு 2025 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. ஆய்வு வரம்புகள் அவ்வாண்டு அக்டோபரில் இறுதி செய்யப்பட்டன. அதன் பரிந்துரைகள் நடைமுறைக்கு வரும்போது ஊதிய விகிதங்கள் மாறும். எட்டு லட்சம் என்ற கோடு இருந்த இடத்திலேயே இருந்தால், இன்று அதற்கு உள்ளே நிற்கும் எழுத்தர்களும் காவலர்களும் ரயில்வே ஊழியர்களும் ஊதிய உயர்வு ஆணை வரும் மாதத்திலேயே அதற்கு வெளியே தள்ளப்படுவார்கள். ஊதியக் குழுவின் அறிக்கையை ஆராயப்போவது நிதி அமைச்சகம். வித்யாலட்சுமியை நடத்துவது கல்வி அமைச்சகம். அந்த இரண்டு கோப்புகளும் ஒரே மேஜைக்கு வரும்படி எவரும் இதுவரை ஏற்பாடு செய்ததாகத் தெரியவில்லை.