காவல் காமிராவுக்கு எறும்பு எதிரி!

எவ்வளவு பெரிய காவல்காரனுக்கும் ஒரு சின்ன எதிரி உண்டு. காட்டில் காவல் நிற்கும் காமிராவுக்கு எறும்புதான் எதிரி!

இந்தக் காமிராவை மரத்தில் கட்டி வைப்பார்கள். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டாம். எதிரே நரியோ, மானோ நடந்தால் போதும். உடம்புச் சூட்டை அறிந்து, தானே படம் எடுத்துக் கொள்ளும். இரவிலும் எடுக்கும்.

2018-ம் ஆண்டுப் புலிக் கணக்கெடுப்புக்காக இந்தியக் காடுகளில் 26 ஆயிரத்து 838 இடங்களில் இவற்றை வைத்தார்கள். கிடைத்த படங்கள் 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேல்! அவற்றில் புலிப் படங்கள் மட்டும் 76 ஆயிரத்து 651. கின்னஸ் புத்தகத்தில் ஏறிய சாதனை இது.

கடற்கரைக்கும் தேவை

ராமநாதபுரம் கடற்கரையிலும் இந்தச் சாட்சிக்கு வேலை உண்டு. தனுஷ்கோடி மணலில் பங்குனி ஆமைகள் இரவில் ஏறி வந்து முட்டை இடுகின்றன. ஒரு குழியில் சுமார் 100 முட்டை இருக்கும். காலையில் குழி தோண்டிக் கிடந்தால், தின்றது நாயா, நரியா? யாருக்குத் தெரியும்? காமிரா இருந்தால் சொல்லி விடும்.

ஆனால் வெயில் கொளுத்தும் அந்தக் கரையில் நிழல் அருமை. இருட்டான சின்னப் பெட்டி, எறும்புக்கு வாடகை இல்லாத வீடு! மண்ணும் முட்டையும் சுமந்து வந்து உள்ளே குடித்தனம் தொடங்கி விடும். ஈரம் சேரும். உப்புக் காற்றும் கூடினால் பாட்டரி முனையில் பச்சைக் களிம்பு ஏறும். குளவி கண்ணாடி மேல் மண்கூடு கட்டும். சிலந்தி முன்னால் வலை பின்னும். இரவில் காமிராவின் ஒளி வலையில் பட்டு, படம் முழுவதும் வெள்ளையாகி விடும்.

விஷம் வேண்டாம்

"ஒரு சிட்டிகை எறும்புப் பொடி தூவினால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். போதாது என்பது மட்டும் அல்ல, கூடவே கூடாது!

எறும்பையும் புழுவையும் தின்று வாழும் பறவைகள் உண்டு, ஓணான் உண்டு. உயிர்களைக் காக்க வைத்த பெட்டிக்காக உயிர்களுக்கு விஷம் வைப்பதா? சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. சரணாலயத்துக்குள் உயிரினங்களுக்குக் கேடு செய்யும் ரசாயனத்தை உபயோகிக்கக் கூடாது என்று 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. தனுஷ்கோடியில் பூநாரைகளுக்காக 2025-ம் ஆண்டில் சரணாலயம் அறிவித்தார்கள். அங்கும் இதே சட்டம்தான்.

அடுப்படி சொல்லும் பாடம்

நம் தாய்மார்கள் சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைக்கிறார்கள். எறும்பைக் கொல்வதில்லை. அது வரும் வழியை மறிக்கிறார்கள். காமிராவுக்கும் அதுவே வழி.

எறும்புச் சாரி ஓடும் மரத்தில் பெட்டியைக் கட்டாதீர்கள். மூடியைச் சுற்றியுள்ள ரப்பரைத் துடைத்து விட்டு மூடுங்கள். ஒரு மணல் துகள் ஒட்டி இருந்தாலும் அதுவே எறும்புக்கு வாசல். ஒயர் செருகும் துளைகளை ரப்பர் மூடியால் அடையுங்கள். ஈரம் வடிய விட்ட துளையை மட்டும் அடைக்காமல், மெல்லிய வலை ஒட்டுங்கள். கட்டும் வாரில் கொஞ்சம் கிரீஸ் தடவலாம். மரப்பட்டையிலோ, கண்ணாடியிலோ படக் கூடாது.

கருப்பட்டி தின்ற கையோடு பெட்டியைத் திறக்காதீர்கள். கொசு மருந்து பூசிய கையும் ஆகாது. சில மருந்துகளில் உள்ள "டீட்" பிளாஸ்டிக்கை அரித்து விடும். உள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்று போடுங்கள். அவ்வப்போது போய்ச் சிலந்தி வலையைத் துடைத்து விடுங்கள்.

இதற்கெல்லாம் பணச் செலவு அதிகம் இல்லை. கொஞ்சம் பொறுமைதான் செலவு. பொடி தூவுவது சோம்பேறியின் வழி.

எறும்பு திருட வரவில்லை. திறந்து கிடந்த வீட்டில் குடியேறியது, அவ்வளவுதான். ஓட்டையை விட்டது நாம். அதை அடைக்க வேண்டியவர்களும் நாமே!