குழந்தையின் முறையை விற்கலாமா?

2024 மே 10-ஆம் தேதி ஊட்டி தாவரவியல் பூங்காவில் தொடங்கிய 126-வது மலர்க் கண்காட்சிக்குப் போனவர்களுக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டு மலர்களால் செய்து வைத்த பெரிய உருவங்களில் ஒன்று நம்முடைய மலை ரயில். இன்னொன்று டிஸ்னி வேர்ல்ட் கோட்டை. நம் ஊர் ரயிலும் அமெரிக்காக்காரன் கோட்டையும் ஒரே பூங்காவில்! பெரியவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. குழந்தைகளுக்கு அந்தப் பேதமெல்லாம் கிடையாது. கோட்டையைப் பார்த்த குழந்தை அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: "மிக்கி எங்கே?"

அந்த மிக்கியைப் பார்க்கத்தான் உலகம் முழுவதும் பெற்றோர்களும் என்னைப் போன்ற தாத்தா பாட்டிகளும் கால் கடுக்க நிற்கிறார்கள். இது தேவையா என்ற பேச்சு, பெர்ன்ஹில்லில் நாங்கள் நாலைந்து பேர் மாலையில் நடக்கும்போது ஒரு நாள் வந்தது. எங்களில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். போய் வந்தவர்கள் எல்லோரும் நின்றவர்கள்தான். ஒருவர் சொன்னார்: "வேஷம் போட்ட ஆளைப் பார்க்க ஒன்றரை மணி நேரமா? நம்ம காலமாக இருந்தால் ரெண்டு போட்டு இழுத்துக்கிட்டுப் போயிருப்பாங்க." இன்னொருவர் சொன்னார்: "இப்பத்தான் கூடக் கொஞ்சம் பணம் கட்டினால் முன்னால் விடுறாங்களே. கட்டிட்டுப் போக வேண்டியதுதானே?"

முதலில் பேசியவரோடு நான் பாதி ஒத்துப்போவேன். இரண்டாவதாகப் பேசியவரோடு எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. ஏன் என்று அன்று நடையிலேயே முழுவதும் சொல்லி முடிக்க முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அந்த வரிசை ஏன் அவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவனுக்கு இந்தக் கணக்கு எளிது. பெரிய ரோலர் கோஸ்டர் ஒன்று மணிக்கு ஆயிரம் பேரைக்கூட ஏற்றி இறக்கிவிடும். எல்லோரும் ஒன்றாக ஏறுகிறார்கள், ஒன்றாகக் கத்துகிறார்கள், ஒன்றாக இறங்குகிறார்கள். மிக்கியிடம் அது நடக்காது. ஒரு குடும்பம் உள்ளே போய், குழந்தை கட்டிப்பிடித்து, கையெழுத்து வாங்கி, படம் எடுத்துக்கொண்டு வெளியே வர ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம் ஆகும். அப்படியானால் மணிக்கு முப்பது, நாற்பது குடும்பம்தான். அந்தக் கனமான உடைக்குள் இருப்பவரும் மனிதர். நடுநடுவே அவருக்கு ஓய்வு வேண்டும். இன்னொரு மிக்கியைப் பக்கத்தில் நிறுத்தி வேலையைச் சீக்கிரம் முடிக்கவும் வழியில்லை. இரண்டு மிக்கியை ஒரே நேரத்தில் பார்த்துவிட்டால் குழந்தையின் நம்பிக்கை அங்கேயே போய்விடும்.

நம் சென்னையில் ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி. பூங்காவில் ஒரு சிலை மனிதர் நிற்பாரே, நினைவிருக்கிறதா? ராஜா வீட்டுக் காவலாளி மாதிரி உடை உடுத்திக்கொண்டு, அசையாமல், சிரிக்காமல். குழந்தைகள் சுற்றி நின்று என்னென்னவோ செய்து அவரைச் சிரிக்க வைக்கப் பார்ப்பார்கள். அவரைப் பார்க்க வரிசை தேவையில்லை. நூறு பேர் ஒரே சமயத்தில் பார்க்கலாம். பார்ப்பது வேறு, சந்திப்பது வேறு. பார்ப்பதைப் பகிர்ந்துகொள்ளலாம், சந்திப்பதற்கு ஆளுக்கு ஆள் தனி நேரம் வேண்டும். குழந்தை கேட்பது அந்தத் தனி நேரத்தை. அதனால்தான் வரிசை நீளுகிறது. இதில் யார் மேலும் குற்றமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பாரிஸ் டிஸ்னிலாண்டில் நானும் நின்றிருக்கிறேன். 1992 ஏப்ரலில் திறந்த பூங்கா அது. பேத்திக்கு ஆறு வயது. பேரனுக்கு இரண்டுகூட நிறையவில்லை. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆயிற்று. வரிசை போகிற வழியில் பழைய கறுப்பு வெள்ளை மிக்கி படங்களைத் திரையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்ற குடும்பத்துச் சிறுமியின் மொழி எங்களுக்குப் புரியவில்லை, எங்கள் மொழி அவளுக்குப் புரியவில்லை. பேத்தியும் அவளும் விரல்களை வைத்துக்கொண்டு ஏதோ ஒரு விளையாட்டு கண்டுபிடித்து விளையாடினார்கள். பேரன் தள்ளுவண்டியில் தூங்கிவிட்டான். உள்ளே போனதும் விழித்து, தன் முன்னால் நின்ற அவ்வளவு பெரிய எலியைப் பார்த்து வீறிட்டு அழுதான். பேத்தி மட்டும் நிதானமாகப் போய், வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள்: "உன் வால் எங்கே?" மிக்கி பேசவில்லை. மெதுவாகத் திரும்பி நின்று, வாலைக் காட்டினார். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தச் சிரிப்புக்கு ஒரு மணி நேரம் கூடுதல் விலையா? என் கணக்கில் இல்லை. அந்தக் கேள்வி பிறந்ததே வரிசையில்தான். நேரே உள்ளே போயிருந்தால் அவளும் ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்திருப்பாள், அவ்வளவுதான். பேரனுக்காக நின்றோம் என்று சொன்னால் மட்டும் அது பொய். இரண்டு வயதுக் குழந்தை எந்த மிக்கிக்காகவும் காத்திருப்பதில்லை. அங்கே காத்திருப்பது பெரியவர்களின் செல்போன். நடைக்கு வந்த முதல் நண்பரோடு நான் ஒத்துப்போகிற பாதி இதுதான்.

இனி பணம் கட்டி முன்னால் போகிற விஷயம். 1999-இல் அமெரிக்காவின் டிஸ்னி வேர்ல்டில் 'ஃபாஸ்ட் பாஸ்' என்று ஒன்று கொண்டுவந்தார்கள். நீங்கள் வரிசையில் நிற்க வேண்டாம், இந்த நேரத்துக்கு வாருங்கள் என்று ஒரு சீட்டு. அதற்குத் தனிக் காசு கிடையாது. நுழைவுச் சீட்டு வாங்கிய எவரும் எடுக்கலாம். நம் அலுவலகங்களில் டோக்கன் கொடுப்பது மாதிரி. நல்ல ஏற்பாடு. 2021-இல் அது போய், பணம் கட்டினால்தான் என்று ஆயிற்று. அதே ஆண்டு பாரிஸிலும் இலவசச் சீட்டுக்குப் பதில் விலைச்சீட்டு வந்தது. நாங்கள் போனபோது அங்கே மிக்கியைப் பார்க்க அப்படி விலைச்சீட்டு எதுவும் இல்லை. அமெரிக்காவின் டிஸ்னி வேர்ல்டிலோ ராட்டினங்களோடு மிக்கியைச் சந்திப்பதற்கும், இளவரசிகளைச் சந்திப்பதற்கும் அந்தப் பணப்பாதை உண்டு.

முன்னே சொன்ன கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். ராட்டினத்தில் ஒருவர் குறுக்கே ஏறினால் பின்னால் இருப்பவருக்குச் சில நொடி தாமதம், தெரியாது. மிக்கியிடம் ஒரு குடும்பம் குறுக்கே போனால் பின்னால் நிற்கும் அத்தனை குடும்பத்துக்கும் இரண்டு நிமிடம் போச்சு. வரிசையில் ஒரு குடும்பத்துக்கு ஒரு குடும்பம் என்று குறுக்கே விட்டால் ஒரு மணி நேரக் காத்திருப்பு இரண்டு மணி நேரமாகும். அந்த இரண்டாவது மணி நேரத்துக்குப் பணம் வாங்கியவர் பூங்காக்காரர். அதை நின்று தீர்ப்பது மற்றவர்களின் குழந்தைகள். கொடுக்கிறவர் ஒருவர், வாங்குகிறவர் ஒருவர், இழப்பவர் மூன்றாமவர். இதற்கு வியாபாரம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் 'க்யூ' என்றால் வால். ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்பதற்கும் அதே சொல். ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம் ரேஷன் கடைக்கும் தியேட்டருக்கும் வந்துவிட்டது. எங்கள் பள்ளியில் சாப்பாட்டு வரிசையில் முண்டியடித்து முன்னால் போகிறவனை 'ரெஸ்கியேர்' என்று திட்டுவோம். பிரெஞ்சில் அந்த வசவுக்கு இரண்டு பொருள்: வரிசையை ஏமாற்றி முன்னால் போகிறவன், காசு கொடுக்காமல் உள்ளே நுழைகிறவன். இப்போது காசு கொடுத்துவிட்டு வரிசையை ஏமாற்றலாம், அவருக்கு வணக்கம் சொல்லித் தனி வாசல் திறக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு அகராதியில் என்ன செய்யப் போகிறார்களோ!

"ரயிலில் முதல் வகுப்பு இல்லையா?" என்று நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. நம் மலை ரயிலையே எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். மலை ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும், முதல் வகுப்புப் பெட்டி முன்னால் இருக்கும். அங்கே உட்கார்ந்தவருக்கு மெத்தையும் நல்லது, காட்சியும் நல்லது. ஆனால் அவரும் இரண்டாம் வகுப்புக்காரரும் ஊட்டியில் இறங்குவது ஒரே நேரத்தில். அவர் கூடுதல் பணம் கொடுத்து வாங்கியது தன் வசதியை. அடுத்தவருடைய நேரத்தை அவர் வாங்கவில்லை. பூங்காவில் நல்ல சாப்பாடு, நல்ல அறை, நிழலான நாற்காலி, எதற்கு வேண்டுமானாலும் விலை போடட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை.

"திருப்பதியில் முந்நூறு ரூபாய் தரிசனம்?" என்பது அடுத்த கேள்வி. அது பெரிய விவகாரம், நம் வீடுகளிலேயே இரண்டு கட்சி உண்டு. பணம் கட்டுபவரும் உண்டு, எவ்வளவு நேரமானாலும் இலவச தரிசனத்தில்தான் போவேன் என்று நிற்பவரும் உண்டு. ஒன்று மட்டும் சொல்வேன். அங்கே உள்ளே இருப்பவர் எல்லோரையும் ஒரே பார்வையில் பார்க்கக் கூடியவர். மிக்கிக்கு அந்தச் சக்தி இல்லை.

உடல் ஊனமுற்ற குழந்தை, வயிற்றுப் பிள்ளைக்காரி, நிற்க முடியாத முதியவர், இவர்களை முன்னால் விடுவதும் இதுவும் ஒன்றா என்றால், இல்லை. அது தேவையைப் பார்த்துக் கொடுக்கும் இடம். அந்தக் காரணத்தைக் குழந்தையிடம் சொன்னால் குழந்தை தானாகவே விலகி நின்று வழி விடும். "அவங்க அப்பாகிட்டே பணம் அதிகம், அதனாலே அவள் முதலில்" என்று எந்தத் தகப்பனாவது தன் குழந்தையிடம் சொல்லிப் பார்க்கட்டும். வாய் வராது. வாய்விட்டுச் சொல்ல முடியாத காரணம் நியாயமான காரணமாக இருக்காது.

மேசையின் இந்தப் பக்கத்தில் இருந்து பல ஆண்டுகள் வரிசையைப் பார்த்தவன் நான். ஜனங்கள் காத்திருப்பதற்குக் கோபப்படுவதில்லை. தனக்குப் பின்னால் வந்தவர் தனக்கு முன்னால் போகும்போதுதான் கோபம் வரும். 2017 மே மாதம் கோடம்பாக்கம் ராகவேந்திரா மண்டபத்தில் ரஜினிகாந்த் ரசிகர்களைச் சந்தித்தார். மாவட்ட வாரியாக முறை வைத்து அழைத்தார்கள். ஊரிலிருந்து வந்து ஒரே ஒரு படத்துக்காகக் காத்திருந்தவர்கள் முகத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஒருவர் முகத்திலும் சலிப்பு இல்லை. தன் முறை வரும் என்று நம்பினால் நம் ஆட்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பார்கள்.

கூட்டத்தைக் கட்டுப்படுத்த விலை வைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பதும் சரியல்ல. நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் சீசனுக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வைத்தார்கள். வியாபாரிகளுக்கு அதில் வருத்தம் உண்டு, அது தனிக் கதை. ஆனால் இ-பாஸுக்குக் கட்டணம் இல்லை. பத்து லட்சம் ரூபாய்க் காருக்கும் கோடி ரூபாய்க் காருக்கும் ஒரே பாஸ். எண்ணிக்கைக்கு வரம்பு, ஆளுக்கு இல்லை. மிக்கியிடமும் இதைச் செய்யலாம். காலையிலேயே இன்று இத்தனை குடும்பம்தான் என்று டோக்கன் கொடுத்து நேரம் சொல்லிவிட்டால், யாரும் நிற்கவும் வேண்டாம், யாரும் குறுக்கே போகவும் வேண்டாம்.

நம் ஊரிலும் ஏரிக்கரையிலும் பூங்காக்களிலும் குழந்தைகளுக்கான விளையாட்டுகள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டு வருகின்றன. கூட்டம் கூடினால் 'சிறப்புப் பாதை' என்ற யோசனை யாருக்காவது வராமல் இருக்காது. வருமுன் சொல்லி வைக்கிறேன். வரிசை நிற்கும் இடத்தில் கூரை போடுங்கள், எங்களைப் போன்றவர்கள் உட்கார நாலு பெஞ்சு போடுங்கள், பக்கத்தில் சுத்தமான கழிப்பறை வையுங்கள். நுழைவுக் கட்டணத்தில் பத்து ரூபாய் கூட வேண்டுமானாலும் எல்லோரிடமும் வாங்கிக்கொள்ளுங்கள். முன்னால் போகும் உரிமையை மட்டும் விலைக்கு வைக்காதீர்கள்.

பேரன் பேத்திகளோடு போகிறவர்களுக்கு: எவ்வளவு நேரம் ஆகும் என்று குழந்தையிடம் உள்ளதைச் சொல்லுங்கள். "இதோ வந்திடும்" என்று ஏமாற்ற வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழே என்றால் விட்டுவிடுங்கள், அது கேட்கவில்லை. குழந்தைக்கு ஆசை இருந்தால் தண்ணீரும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு நில்லுங்கள். யாராவது பணப்பாதையில் முன்னால் போனால், "நாம் ஏன் போகவில்லை?" என்று குழந்தை கேட்கும். பணம் இல்லை என்று சொல்லாதீர்கள். "நமக்கு முன்னால் வந்தவர்கள் இன்னும் நிற்கிறார்களே, கண்ணு" என்று சொல்லுங்கள். ஆறு வயதுக்கு அது புரியும்.