பதக்கம் வாங்கிய மறுநாள்

நோயாளிகளுக்காக ஓடுவது நம் நாட்டில் இப்போது வழக்கமாகிவிட்டது. புற்றுநோய்க்கு ஓட்டம், இதயத்திற்கு ஓட்டம், சிறுநீரகத்திற்கு ஓட்டம் என்று ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்காவது ஒரு சாலையை மூடிவிட்டு ஓடிக்கொண்டிருக்கிறார்கள். சட்டை கொடுக்கிறார்கள், பதக்கம் கொடுக்கிறார்கள், ஓடி முடித்ததும் வாழைப்பழமும் கொடுக்கிறார்கள். இதை நான் குறை சொல்ல வரவில்லை. நானும் அப்படி ஓடியவன்தான். என் கேள்வி ஒன்றே ஒன்று. பதக்கம் வாங்கிய மறுநாள், திங்கட்கிழமை காலையில், நாம் என்ன செய்கிறோம்?

இந்தக் கேள்வியை என்னுள் எழுப்பியவன் என் நண்பன். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு முதல் ஒரே மேசையில் அமர்ந்தவர்கள் நாங்கள். பிறகு கிள்ளானில் ஒரே தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனோம். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த எங்களுக்கு அங்கே முதல் ஆண்டு சற்றுக் கடினமாகத்தான் இருந்தது. மலாய்மொழியில் கட்டுரை எழுதத் தடுமாறிய எங்களை மற்ற மாணவர்கள் திரும்பிப் பார்த்தது குறுக்கோட்டப் போட்டி நாளன்றுதான். ஐந்நூறு பேர் ஓடிய அந்தப் போட்டியில் அவன் மூன்றாவதாக வந்தான். நான் எத்தனையாவதாக வந்தேன் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லாத செய்தி.

2023இல் அவனுடைய இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. காரணம் 'ஐஜிஏ நெஃப்ரோபதி' என்றார்கள். உடலின் நோய் எதிர்ப்பாற்றலே வழி தவறி, சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய பகுதிகளைச் சிறுகச் சிறுகச் சிதைத்துவிடும் நோய் அது. பல ஆண்டுகள் வெளியே தெரியாமலும் இருக்கும். ஆனால் பார்க்க வரும் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கோலா நிறைய குடிப்பானா?" என்பதுதான். இருபது வயதில் படுத்துக் கிடப்பவனிடம் அவனுடைய நோய்க்கு அவனையே சாட்சி சொல்ல அழைக்கும் இந்தப் பழக்கத்தை நம்மவர்கள் எப்போது விடுவார்களோ தெரியவில்லை.

வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் அவனுக்கு இரத்தச் சுத்திகரிப்பு நடக்கிறது. இடது கையில் இரத்தக் குழாய்கள் இரண்டை அறுவை சிகிச்சையால் இணைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு பெரிய ஊசிகளைக் குத்தி, ஒன்றின் வழியாக இரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, மற்றொன்றின் வழியாக உள்ளே அனுப்புகிறார்கள். ஆண்டுக்கு 156 முறை. தீபாவளி, பொங்கல், தேர்வு, மழை என்று எந்த விடுப்பும் கிடையாது. உடலில் சேரும் நீரை வெளியேற்ற வேறு வழியில்லாததால் தண்ணீரையும் அளந்துதான் குடிக்க வேண்டும். இளநீரும் வாழைப்பழமும் ஆகாது. அவற்றிலுள்ள பொட்டாசியம் இரத்தத்தில் தங்கிவிட்டால் இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். வாய் வறண்டால் ஒரு பனிக்கட்டியை நாக்கில் வைத்துக்கொண்டு அது கரையும் வரை பேசாமல் இருப்பான்.

அவனுக்காகத்தான் நான் ஓடத் தொடங்கினேன். 2024 அக்டோபரில் நடந்த கோலாலம்பூர் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் மாரத்தானில் 21 கிலோமீட்டர் ஓடினேன். ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நண்பர்கள், விரிவுரையாளர்கள், அப்பாவின் தொழிற்சாலைச் சகாக்கள் எல்லாரும் பணம் கொடுத்தார்கள். மொத்தம் 3,860 வெள்ளி சேர்ந்தது. அப்போது அவன் தனியார் மையம் ஒன்றில் சுத்திகரிப்புச் செய்துகொண்டிருந்தான். ஒரு முறைக்கு ஏறக்குறைய 200 வெள்ளி. கணக்குப் போட்டுப் பார்த்தால் 19 முறைக்கான பணம், ஆறே வாரம். ஏழாவது வாரம் அவனுடைய அப்பா மறுபடியும் மேலதிக நேர வேலைக்குப் போனார். வேலை செய்து சந்தா கட்டியவர்களுக்காவது சொக்சோ உதவுகிறது. படித்துக்கொண்டிருந்தவனுக்கு அதுவும் இல்லை. நல்லவேளையாக, சில மாதங்களுக்குப் பின் தொண்டு நிறுவன மையம் ஒன்றில் அவனுக்கு இடம் கிடைத்தது.

ஓடும்போது வழியெங்கும் தண்ணீர் மேசைகள் வைத்திருந்தார்கள். பாதி குடித்துவிட்டு மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டு ஓடினோம். ஒரு நாளைக்கு அவனுக்கு அனுமதிக்கப்பட்ட தண்ணீரை நான் ஒரே மேசையில் செலவழித்திருப்பேன். பதக்கத்தைக் கொண்டுபோய் அவனிடம் கொடுத்தபோது திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நல்லா கனமாதான்டா இருக்கு" என்றான். பிறகு, "நாளைக்கும் ஓடுவியா?" என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

நோயாளிகளுக்கான ஓட்டம் என்றாலே எல்லாரும் டெர்ரி ஃபாக்ஸைச் சொல்வார்கள். கனடாவைச் சேர்ந்த அந்த இளைஞர் எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலது காலை இழந்தவர். 1980 ஏப்ரல் 12ஆம் நாள் தொடங்கி, செயற்கைக் காலோடு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு முழு மாரத்தான் தூரம் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் 143ஆம் நாள், 5,373 கிலோமீட்டரில், நின்றார். மறு ஆண்டு ஜூன் மாதம் இறந்தார். அப்போது அவருக்கு வயது 22, என் வயது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 143 நாள்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என்னை வியக்க வைப்பது அதற்கு முந்திய காலம். ஓராண்டுக்கும் மேலாக அவர் பயிற்சி செய்தார். தொடக்கத்தில் மிகக் குறைந்த தூரம்தான் ஓடினார். கேமரா இல்லை, கைத்தட்டல் இல்லை. செயற்கைக்கால் உரசி உரசித் தோல் கிழிந்த காலத்திலும் நாள் தவறாமல் ஓடியிருக்கிறார். அவருடைய ஓட்டம் அந்த நாள்களில்தான் நடந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, நாள்தோறும் ஓடினால் மட்டும் என் நண்பனுக்கு என்ன கிடைத்துவிடப் போகிறது? நியாயமான கேள்வி. இதற்கான பதிலை ஒரு மருத்துவமனை வராந்தாவில்தான் கற்றுக்கொண்டேன்.

மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் அவன் அந்த இயந்திரத்திலிருந்து விடுபடலாம். குடும்பத்தில் யார் கொடுக்க முடியும் என்று பரிசோதனை தொடங்கியது. அப்பா முதலில் போனார். பத்து ஆண்டுகளாக அவருக்கு இனிப்புநீர். அன்றே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு இரத்த அழுத்தம்; இரண்டு வகை மாத்திரை சாப்பிட்டும் கட்டுக்குள் வரவில்லை. அக்காள் அப்போது கருவுற்றிருந்தார். சின்ன மாமா தாமாகவே முன்வந்தார். பரிசோதனையில்தான் தமக்கும் இனிப்புநீர் இருப்பது அவருக்கே தெரிய வந்தது. கொடுக்க மனமில்லாமல் யாரும் பின்வாங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நான்கு பேருக்கும் மனம் இருந்தது. கொடுக்கத்தக்க உடல்தான் இல்லை.

இது ஒரு வீட்டுக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்தால் 31.4 விழுக்காடு. அதாவது மூன்று பேருக்கு ஏறத்தாழ ஒருவர். நம் திருமண மண்டபத்தில் பந்தியில் அமர்ந்திருப்பவர்களை எண்ணிப் பாருங்கள். மூன்றாவது இலை, ஆறாவது இலை, ஒன்பதாவது இலை. நாட்டில் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதன்மையான காரணமும் அதுதான். ஆக, நம் சமூகத்திற்கு இது இருமுனைக் கத்தி. சிறுநீரகம் தேவைப்படுவோர் கூடிக்கொண்டே போகிறார்கள். கொடுக்கக்கூடியவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

நீரிழிவு பரம்பரையாக வருவது, நாம் என்ன செய்ய முடியும் என்று கையை விரிப்பவர்கள் உண்டு. 2002இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். நீரிழிவின் விளிம்பில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். உணவைச் சீர்செய்து, உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைத்து, வாரத்துக்கு 150 நிமிடம் உடலை அசைக்க வேண்டும் என்பது ஒரு பிரிவினருக்கு வைத்த இலக்கு. அவர்களிடம் நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது. மாத்திரை சாப்பிட்ட பிரிவினரிடம் 31 விழுக்காடுதான் குறைந்தது. 150 நிமிடத்தை ஏழு நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 22 நிமிடம்கூட இல்லை. ஒரு தே தாரிக் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

நண்பனுக்காக ஓடுவது என்பதை இப்போது நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். நாளை என் தம்பிக்கோ தங்கைக்கோ, அல்லது எனக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கோ ஒரு நிலை வந்தால், "நீங்கள் கொடுக்கலாம்" என்று மருத்துவர் சொல்லும்படியான உடலோடு நான் அங்கே நிற்க வேண்டும். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாது. அதனால்தான் நாள்தோறும் நான்கு கிலோமீட்டர். காலை ஆறே காலுக்குப் பல்கலைக்கழக ஏரிக்கரையில் இருள் இன்னும் விலகியிருக்காது. மழை பெய்தால் விடுதிப் படிக்கட்டுகளில் ஏறி இறங்குவேன். இடுபணி குவிந்த நாளில் இரண்டு கிலோமீட்டரோடு திரும்பியதும் உண்டு. கால் வலித்தால் நடை மட்டும்தான். முதல் மாதத்தில் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் மூன்று முறை நின்றேன். விலை உயர்ந்த காலணி வேண்டும், கைக்கடிகாரம் வேண்டும் என்று காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தமிழ்ப்பள்ளித் திடலில் வெறுங்காலோடு ஓடிய காலத்தில் நம்மிடம் இதெல்லாம் இருந்ததா? டாக்டர் எம். ஜெகதீசன் 1966இல் பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கம் வென்றதும், ஜி. சரவணன் 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வென்றதும் நம்மவர் கால்களால்தான். அந்தக் கால்களுக்கு என்ன வந்துவிட்டது?

நானே என் சிறுநீரகத்தைக் கொடுக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். அவனிடம் கேட்டேன். உறவினரல்லாத ஒருவர் கொடுப்பதாக இருந்தால் சுகாதார அமைச்சின் குழு ஒன்று விசாரித்து ஒப்புதல் தர வேண்டும். அதைப் பற்றியெல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன். "உங்க அம்மா மூஞ்சிய நான் எப்படிடா பாக்குறது?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். அதன் பிறகு இரண்டு நாள் என் அழைப்பை எடுக்கவில்லை. அந்தப் பேச்சு இன்னும் முடிந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

ஆனால் யாருக்கும் எந்தச் சங்கடமும் தராத ஒன்றை நாம் எல்லாரும் செய்யலாம். இறந்தபின் உறுப்புகளைக் கொடுப்பதாக மைசெஜாத்திரா செயலியிலேயே பதிவு செய்துகொள்ளலாம். சில நிமிட வேலை. உறுப்புக்காகக் காத்திருப்போர் நாட்டில் பத்தாயிரத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்கள். பதிவு செய்வதோடு வீட்டிலும் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அந்த நேரத்தில் குடும்பத்தாரின் சம்மதத்தைக் கேட்பார்கள். அவர்கள் வேண்டாம் என்றால் நம் பதிவு வெறும் பதிவாகவே போய்விடும். நான் சொன்னபோது அம்மா, "விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு இது!" என்று எழுந்து போய்விட்டார். மூன்று வாரம் கழித்து அவரே, "கண்ணையும் எடுப்பாங்களா?" என்று கேட்டார். இந்த உரையாடல் எந்த மாரத்தானையும்விட நீளமானது.

நம் பேரவைக்கும் ஒரு வார்த்தை. ஆண்டுக்கு ஒரு முறை நன்கொடை ஓட்டம் நடத்தலாம் என்ற யோசனை கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. நடத்தலாம். அதற்கு முன், நம் நிகழ்ச்சிகளில் சிராப் பாண்டோங்கும் கேசரியும் மீ கோரேங்கும் ஒரே தட்டில் பரிமாறுவதைக் குறைக்கலாம். காலையில் ஏரிக்கரையில் குழுவாக ஓடலாம். குறிப்பாக நம் மாணவிகள் பலர் இருட்டில் தனியே ஓட அஞ்சித்தான் ஓடாமல் இருக்கிறார்கள், ஆர்வமில்லாமல் அல்ல. நோய்வாய்ப்பட்டவருக்காகப் பணம் திரட்டுவது நல்லதுதான் என்றாலும், நான்கு மணி நேரம் அசையாமல் படுத்திருப்பவனுக்குப் பணத்தைவிடப் பேச்சுத்துணை பெரிது. சுத்திகரிப்பு முடிந்து எழும்போது அவனுக்குத் தலை சுற்றும். மோட்டார் ஓட்டிக்கொண்டு வீடு திரும்ப முடியாது.

இப்போது எங்களில் சிலர் முறை வைத்துப் போகிறோம். மையம் கிள்ளானில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை என் முறை. விரிவுரை முடிந்ததும் கிளம்பிவிடுவேன். வியாழக்கிழமைக்கு இடைநிலைப்பள்ளித் தோழர் இருவர் மாறி மாறிப் போகிறார்கள். சனிக்கிழமை பிற்பகலுக்குத்தான் இன்னும் ஆள் அமையவில்லை. கிள்ளான், ஷா ஆலாம் பக்கம் வீடு உள்ளவர்கள் காலையில் ஏரிக்கரைக்கு வந்தால் என்னைப் பார்க்கலாம்.